ஏரி நீரில் பாசி: சுத்திகரிப்பு நிலையத்தில் அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

செம்பரம்பாக்கம், செங்குன்றம், வீராணம் போன்ற ஏரிகள் எல்லாம் ஒரே சாயல்: பரப்பு அகலம், ஆழம் குறைவு, நாள் முழுக்க வெயில். சுற்றுப்புறத்து உரமும் சாக்கடையும் கொஞ்சம் சேர்ந்துவிட்டால் பாசிக்கு வேறென்ன வேண்டும்? கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது தண்ணீர் பச்சையாகும். கரையில் நிற்பவர்களுக்கு அது வெறும் நிறமாற்றம். நிலையத்தில் இருப்பவர்களுக்கு ஆலம் (படிகாரம்) கேட்காது, பில்டர் அடைக்கும், ஊரிலிருந்து போன் வரும்.

இங்கே சொல்வது, ஆலம் போட்டு, கிளாரிஃபையர் என்னும் தெளிவிப்புத் தொட்டியில் தெளியவிட்டு, மணல் பில்டரில் வடித்து, குளோரின் கலந்து அனுப்பும் வழக்கமான நிலையங்களுக்கானது. கணக்குகள் நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர், அதாவது 10 எம்எல்டி நிலையத்துக்குப் போட்டவை. உங்கள் நிலையத்தின் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பாசி வந்ததும் பெரும்பாலான இடங்களில் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, ஆலத்தை ஏற்றுவது. இன்னொன்று, நுழைவிலேயே குளோரினைத் தாராளமாக விடுவது. இரண்டும் சில நாள் பலிக்கும், பல நாள் ஒரு கோளாறை மூன்றாக்கும். பாசியின் செல் உடையாமல் இருக்கும்வரை அது ஒரு துகள்தான்; ஆலம் உண்டாக்கும் பஞ்சுபோன்ற திரளில் சேர்த்துப் பிடித்துவிடலாம். குளோரின் பட்டு உடைந்தால் உள்ளே இருந்த வாசனையும் நஞ்சும் கரிமப்பொருளும் நீரில் கரைந்துவிடும். கரைந்ததை ஆலமும் பிடிக்காது, மணலும் பிடிக்காது. ஆகவே கீழே எந்த அறிகுறிக்கு வந்தாலும், செல்லை முழுசாகப் பிடித்து வெளியே தள்ள வழியுண்டா என்பதையே முதலில் பாருங்கள்.

எந்த வால்வையும் தொடும் முன்

மூன்று சோதனை போதும். முதலாவது, கச்சா நீரின் (ஏரியிலிருந்து வரும் நீரின்) பிஹெச்சை, அதாவது அமில, கார நிலையின் அளவை, காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் பாருங்கள். காலையில் மட்டும் எடுத்து நோட்டில் எழுதும் நிலையங்களில் பாசிக் கோளாறு மாதக்கணக்கில் பிடிபடாமல் போகும்.

இரண்டாவது, பாட்டில் சோதனை. ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் கச்சா நீரை நிரப்பி, மூடி, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் கழுத்தருகே பச்சைப் படலம் கட்டியிருந்தால் நீலப்பச்சைப் பாசி. அதன் செல்லுக்குள் இருக்கும் வாயுப் பைகள் அதை மேலே தூக்குகின்றன. அடியில் பழுப்பாகப் படிந்திருந்தால் பெரும்பாலும் சிலிக்கா ஓடுள்ள டயாட்டம் பாசி. அடியில் பச்சை என்றால் சாதாரணப் பச்சைப் பாசி. மேலும் இல்லை, கீழும் இல்லை, பாட்டில் முழுக்க அதே பச்சை என்றால் மிகச் சிறிய செல்களோ நீந்தும் வகையோ இருக்கும். இது முதல் ஊகத்துக்குத்தான். நீலப்பச்சைப் பாசி எல்லாமே மிதப்பதில்லை.

மூன்றாவது, மைக்ரோஸ்கோப். நீந்துவது தெரிய வேண்டுமென்றால் லுகால் அயோடின் விடும் முன்பே ஒரு சொட்டைப் பாருங்கள். அயோடின் பட்டால் எல்லாம் செத்து நின்றுவிடும். எண்ணுவதற்கு 1 மில்லி கொள்ளும் செட்விக் ராஃப்டர் ஸ்லைடு. ஒழுங்கில்லாத கூழ்க் கொத்துக்குள் கருமணி மணியாகத் தெரிந்தால் மைக்ரோசிஸ்டிஸ். முத்துமாலை கோத்தது போலிருந்து, நடுவில் ஒரு மணி மட்டும் பெரிதாக வெளிறித் தெரிந்தால் அனபீனா. நீண்ட கண்ணாடி ஊசி என்றால் சினெட்ரா. டப்பாக்களை முனையோடு முனை ஒட்டிய சங்கிலி மெலோசிரா. சிவப்புக் கண்புள்ளியோடு நெளிந்து ஓடுவது யூக்லினா. இந்த ஐந்தைப் பழகிக்கொண்டாலே பாதிக் கோளாறுக்கு விடை கிடைத்துவிடும்.

அறிகுறி 1: காலையில் தெளிவு நன்றாக வருகிறது, மதியத்துக்கு மேல் கெடுகிறது

ஏரியில் பாசி வந்துவிட்டது என்பதற்கு இதைவிட உறுதியான அடையாளம் இல்லை. பகலில் பாசி நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் பிஹெச் ஏறுகிறது. இரவில் அது மூச்சு விடும்போது பிஹெச் இறங்குகிறது. விடியலில் 7.6 காட்டிய நீர் பிற்பகலில் 9ஐத் தாண்டுவது சாதாரணம்.

ஆலம் நன்றாக வேலை செய்வது 6 முதல் 7.5 வரை. பாசியையும் கரிமப்பொருளையும் பிடிக்க 6.5ஐ ஒட்டிய பக்கமே நல்லது. 8ஐத் தாண்டினால் ஆலத்திலிருந்து வர வேண்டிய பஞ்சுத்திரள் அலுமினேட்டாகக் கரையத் தொடங்கும். ஷிஃப்டில் இருப்பவர் திரள் சரியில்லை என்று ஆலத்தை ஏற்றுகிறார். ஆலம் அமிலத்தன்மை உள்ளது. நிறையப் போட்டால் பிஹெச் இறங்கி ஒரு கட்டத்தில் திரளும் வந்துவிடும். அவருக்கு அது வெற்றி. உண்மையில் ஆலத்தை விலை கூடின அமிலமாகச் செலவழித்திருக்கிறார், கசடும் அதற்கேற்பப் பெருகியிருக்கும்.

ஜார் டெஸ்ட்டை (ஆலத்தின் அளவைப் பீக்கரில் போட்டுப் பார்க்கும் சோதனையை) இப்படிப் பிரித்துச் செய்யுங்கள். நீரைப் பிற்பகல் 3 மணிக்கே எடுத்து உடனே சோதிக்க வேண்டும். ஆய்வக மேசையில் இரண்டு மணி நேரம் கிடந்தால் பிஹெச் மாறி, ஏரியில் இல்லாத நீரைச் சோதித்ததாகிவிடும்.

ஆறு பீக்கர், ஒவ்வொன்றிலும் 1 லிட்டர். 10 கிராம் ஆலத்தை 1 லிட்டரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல். அதில் 1 மில்லி விட்டால் லிட்டருக்கு 10 மி.கி. முதல் மூன்று பீக்கரில் பிஹெச்சைத் தொடாமல் 30, 45, 60 மி.கி. ஆலம். அடுத்த மூன்றில் முதலில் 0.02 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச்சை 7.2க்குக் கொண்டுவந்து, எத்தனை மில்லி செலவானது என்று குறித்துக்கொண்டு, அதே மூன்று அளவு ஆலம். நிமிடத்துக்கு 100 சுற்றில் 1 நிமிடம், 30 சுற்றில் 20 நிமிடம், நிறுத்தி 30 நிமிடம். மேற்பரப்புக்கு 5 செ.மீ. கீழிருந்து சைஃபன் போட்டு எடுத்து, கலங்கல் எவ்வளவு, கடைசி பிஹெச் எவ்வளவு என்று பாருங்கள். தெளிந்த நீரை வாட்மேன் 1 தாளில் வடித்து மறுபடி கலங்கல் பார்த்தால் பில்டர் என்ன செய்யும் என்பதும் தெரிந்துவிடும்.

அமிலம் விட்ட பீக்கரில் 30 மி.கி.யே மற்றதில் 60 மி.கி. தந்த தெளிவைத் தந்தால், குறை பிஹெச்சில்தான், ஆலத்தில் இல்லை. 0.02 நார்மல் அமிலத்தில் 1 மில்லி, லிட்டருக்கு 1 மி.கி. காரத்தன்மையை (அமிலத்தைத் தாங்கும் திறனை) தின்னும். 12 மில்லி செலவானால் நிலையத்துக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 12 மி.கி. கந்தக அமிலம், 10 எம்எல்டிக்கு நாளுக்கு 120 கிலோ. ஆனால் பிஹெச் 8.3க்கு மேல் இருக்கும் சில மணி நேரம் மட்டுமே தேவைப்படும் என்பதால் உண்மைச் செலவு அதில் ஒரு பகுதிதான். நீர்க்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், ஒருபோதும் அமிலத்தில் தண்ணீரை அல்ல.

1 மி.கி. ஆலம் தோராயமாக 0.5 மி.கி. காரத்தன்மையை எடுத்துக்கொள்ளும். அமிலமும் ஆலமும் தின்றது போக லிட்டருக்கு 30 மி.கி. காரத்தன்மையாவது மீதி இருக்கும்படி கணக்குப் போடுங்கள். இல்லையென்றால் இரவு பாசியே பிஹெச்சை இறக்கும் நேரத்தில் அது தடாலென்று 6க்குக் கீழே விழும். அமில பம்பை மாலையில் நிறுத்த மறப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு.

அமிலம் கையாள வசதியில்லாத இடங்களில் ஃபெரிக் குளோரைடு நல்ல மாற்று. 8.5 பிஹெச்சிலும் அதன் திரள் கரையாது, ஆலத்தைவிடக் கனமாகவும் இருக்கும். பைப்பையும் வால்வையும் அரிக்கும், தரையெல்லாம் துருநிறக் கறை விடும், அவ்வளவுதான். இன்னொரு வழிக்குச் செலவே இல்லை: தெளிநீர்த் தொட்டியில் இடமிருந்தால் கச்சா நீரை நள்ளிரவு முதல் காலை 9 வரை அதிகமாகவும் பிற்பகலில் குறைவாகவும் எடுங்கள்.

டோசிங் கணக்கு: 40 மி.கி. ஆலம் என்றால் நாளுக்கு 400 கிலோ. 10 சதவீதக் கரைசலாக இருந்தால் 4,000 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 2.8 லிட்டர். மீட்டரை நம்பாமல் அளவுக் குடுவையைப் பிடித்து ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்தே வரும் புகார் ஒன்று உண்டு. பில்டரிலிருந்து பளிங்காகப் போன நீர், ஊரின் மேல்நிலைத் தொட்டியில் வெள்ளைப் பஞ்சு போலப் படிகிறது. அதிக பிஹெச்சில் கரைந்து பில்டரைத் தாண்டிய அலுமினியம், பின்னால் குளோரின் வாயு கலந்து பிஹெச் இறங்கியதும் மறுபடி திரண்டிருக்கிறது. பில்டரைக் கழுவி இதற்குத் தீர்வு வராது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500ல் அலுமினியத்துக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.03 மி.கி., மாற்று நீராதாரம் இல்லாதபோது 0.2 வரை. ஆலம் கலக்கும் இடத்தின் பிஹெச்சைச் சரிசெய்தால் பஞ்சு நின்றுவிடும்.

அறிகுறி 2: திரள் நன்றாகக் கட்டுகிறது, ஆனால் கீழே போகாமல் மேலே வருகிறது

கிளாரிஃபையரின் மேல் பழுப்பும் பச்சையுமாகக் கம்பளம் விரிந்திருக்கும். லாண்டர் (தொட்டி விளிம்பு வாய்க்கால்) வழியாக அது பில்டருக்கு வழியும். மூன்று காரணம் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு, ஆகவே பிரித்தறிய வேண்டும்.

கம்பளத்திலிருந்து ஒரு பீக்கர் அள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். திரளின் மேல் ஊசிமுனை அளவில் குமிழிகள் மினுமினுத்து, விரலால் பீக்கரைச் சுண்டினால் அவை கழன்று திரள் கீழே இறங்குகிறதா? அது ஆக்சிஜன். 30 டிகிரி வெப்பத்தில் நீர் தாங்கும் கரைந்த ஆக்சிஜன் சுமார் 7.5 மி.கி.; பாசி நீரில் பிற்பகலில் 12க்கு மேலும் போகும். மிகையானது திரளில் குமிழியாக ஒட்டித் தூக்குகிறது. இது வெயிலோடு வரும், இருட்டியதும் நின்றுவிடும். கச்சா நீர் ஆலத்துக்கு முன் படிக்கட்டு ஏரேட்டர் வழியாக விழட்டும். ஏரேட்டர் என்றால் காற்றைச் சேர்ப்பது என்று பலரும் நினைப்பார்கள். இங்கே அது மிகை ஆக்சிஜனை வெளியே விடுகிறது. ஏரேட்டரைப் பைபாஸ் செய்து வைத்திருந்தால் திறந்துவிடுங்கள்.

சுண்டியும் இறங்கவில்லை, குமிழியும் இல்லை, மைக்ரோஸ்கோப்பில் கூழ்க் கொத்துகள் என்றால் மைக்ரோசிஸ்டிஸ் தன் வாயுப் பையாலேயே மிதக்கிறது. இதற்குக் கனம் சேர்க்க வேண்டும். ஆலத்துக்கு முன்னால் லிட்டருக்கு 5 முதல் 10 மி.கி. பென்டோனைட் களிமண் கரைசலை விட்டு ஜார் டெஸ்ட்டில் பாருங்கள். மழைக்காலத்துச் செம்மண் நீர் எளிதாகத் தெளிவதும் பச்சை நீர் தெளியாததும் இந்தக் கனத்தில்தான். பிறகு, ஆலம் கலந்து ஒன்றிரண்டு நிமிடம் கழித்துக் குடிநீர்த் தரப் பாலிமர் லிட்டருக்கு 0.05 முதல் 0.3 மி.கி. விடலாம்; அதை 0.1 சதவீதக் கரைசலாக்கி, மெதுவாகக் கலக்கி ஒரு மணி நேரம் ஊறவிட்ட பிறகே விட வேண்டும். அவசரத்தில் கொட்டினால் மீன்கண் போல உருண்டு நின்றுவிடும். கூட விட்டால் பில்டர் மணலில் ஒட்டி மண் உருண்டைகள் பிடிக்கும். இந்த நாட்களில் கிளாரிஃபையருக்கு முழுச்சுமை கொடுக்காதீர்கள், முடிந்தால் முக்கால்வாசி ஓட்டுங்கள். மிதப்பதைத் துடுப்பு வலையால் அள்ளி வெளியேற்றுங்கள். ஹோஸ் பைப்பால் அடித்து அமுக்குவது வேலையாட்கள் விரும்பும் குறுக்குவழி. அரை மணியில் எல்லாம் மேலே வந்துவிடும்.

மூன்றாவது, கம்பளம் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம், குமிழி பெரிது, இரவிலும் வருகிறது. அடியில் கசடு தங்கி அழுகுகிறது. ஸ்கிரேப்பர் சுற்றுகிறதா, கசடு வால்வு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாசிக் காலத்தில் கசடை ஷிஃப்டுக்கு ஒருமுறை என்றிருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, சில நிமிடம் மட்டும் திறந்து வெளியேற்றுங்கள். ஒரேயடியாக அரை மணி திறந்தால் கசடின் நடுவே குழி விழுந்து தெளிந்த நீர்தான் வெளியே போகும்.

நீந்தும் வகைகள், யூக்லினா, கிளமிடோமோனாஸ் போன்றவை, திரளிலிருந்து தாமே கழன்று வெளியே வந்துவிடும். அவற்றை அசையாமல் செய்ய 0.5 முதல் 1 மி.கி. குளோரினோ பர்மாங்கனேட்டோ ஆலத்துக்கு முன் விடலாம். முன்குளோரினுக்கு நியாயமான இடம் இதுதான். நீலப்பச்சைப் பாசி கலந்திருந்தால் இதையும் செய்யாதீர்கள்.

புதிதாக நிலையம் திட்டமிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மிதக்க விரும்புவதை அமுக்குவதைவிட, மிதக்கவிட்டு மேலிருந்து வழிப்பது புத்திசாலித்தனம். கரைந்த காற்று மிதப்பு முறையில் 8 முதல் 12 சதவீத நீரை 4 முதல் 6 பார் அழுத்தத்தில் காற்றோடு கலந்து விடுகிறார்கள். பாசி ஏரிக்குக் கிளாரிஃபையரைவிட அது பல மடங்கு பொருத்தம்.

அறிகுறி 3: பில்டர் ஓட்ட நேரம் 24 மணியிலிருந்து 4 மணிக்கு இறங்கிவிட்டது

முதலில் இழப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிடுவோம். சதுர மீட்டருக்கு மணிக்கு 5 கன மீட்டர் வடிக்கும் பில்டர் 24 மணி ஓடினால் 120 கன மீட்டர் தரும். நிமிடத்துக்கு 600 லிட்டர் வீதம் 10 நிமிடம் பேக்வாஷ் (கீழிருந்து நீர் விட்டுக் கழுவுதல்) செய்ய 6 கன மீட்டர், அதாவது 5 சதவீதம். ஓட்டம் 4 மணியானால் வடித்தது 20 கன மீட்டர், கழுவியது அதே 6. வடித்ததில் 30 சதவீதம் கழுவவே போகிறது. ஊருக்குத் தண்ணீர் ஏன் குறைந்தது என்று வேறெங்கும் தேட வேண்டாம்.

பில்டரை இறக்கி, மணலின் மேல் 1 செ.மீ. அடுக்கைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஊசிகளும் சங்கிலிகளும் வைக்கோல் போர் போலப் பின்னிக் கிடந்தால் டயாட்டம். கிளாரிஃபைட் நீரின் கலங்கல் 2 என்டியு (கலங்கலை அளக்கும் அலகு) என்று அழகாகக் காட்டிக்கொண்டே பில்டரை அடைப்பது இதன் குணம். ஊசி சில நூறு இருந்தாலே போதும், கலங்கல் மீட்டருக்கு அது தெரியாது. டயாட்டத்தின் ஓடு சிலிக்கா. குளோரின் உள்ளே இருப்பதைக் கொல்லும், ஓட்டைக் கரைக்காது. செத்த ஊசியும் உயிருள்ள ஊசியும் மணலை ஒரே மாதிரிதான் அடைக்கும்.

தீர்வு மூன்று படி. அன்றைக்கே செய்யக்கூடியது: வடிப்பு வீதத்தைக் கால்வாசி குறைத்து, எல்லா பில்டரையும் ஓட்டத்தில் வையுங்கள். ஹெட் லாஸ் (மணல் அடைவதால் இழக்கும் நீரழுத்தம்) பாதி ஏறியதும் பில்டரை மூடி, 30 முதல் 60 விநாடி மட்டும் கீழிருந்து நீர் விட்டு மேலடுக்கைத் தளர்த்துங்கள். ஓட்டம் சில மணி நீளும். மறுபடி ஓட்டத்துக்கு விடும்போது முதல் 10, 15 நிமிட நீர் வீணுக்கே போகட்டும்.

அந்த வாரத்தில் செய்யக்கூடியது: ஜார் டெஸ்ட்டைக் கலங்கலை மட்டும் பார்த்து முடிக்காமல், தெளிந்த 100 மில்லி வாட்மேன் தாளில் வடிய எத்தனை விநாடி என்று பாருங்கள். வடியும் நேரம் குறையும் ஆல அளவையே எடுங்கள். கலங்கலுக்குப் போதுமான அளவைவிட அது சற்றுக் கூடுதலாகவே வரும். ஏரி மதகில் வெவ்வேறு ஆழக் கதவுகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் எண்ணிப் பார்த்து மாற்றுங்கள். அடிக்கதவுக்கு மட்டும் போய்விடாதீர்கள். அங்கே இரும்பும் மாங்கனீசும் காத்திருக்கும்.

ஆண்டுக்கு ஆண்டு வரும் தொல்லை என்றால்: மேல் 15, 20 செ.மீ. மணலை எடுத்துவிட்டு அதே உயரத்துக்கு 1 மி.மீ. அளவு ஆந்த்ரசைட் நிலக்கரித் துகள் போடுங்கள். 0.5 மி.மீ. மணல் பாசியை மேல் ஓர் அங்குலத்திலேயே நிறுத்திவிடும். ஆந்த்ரசைட் தன் ஆழம் முழுக்கப் பகிர்ந்து வாங்கிக்கொள்ளும். மணலை எடுக்காமல் மேலே கொட்டினால் பேக்வாஷில் அது லாண்டரோடு போய்விடும்.

சுரண்டியதில் பாசியே அதிகம் இல்லை, ஆனால் பேக்வாஷ் தொடங்கிய கணம் மணலிலிருந்து கொப்புளம் கொப்புளமாகக் காற்று வெளியேறினால் அது காற்றடைப்பு. மிகை ஆக்சிஜன் மணலுக்குள் குமிழியாகி வழியை மறிக்கிறது. மணலுக்கு மேல் நீர் 1 மீட்டருக்குக் குறையாமல் வைத்து, ஹெட் லாஸ் 2 மீட்டரைத் தொடும் வரை காத்திராமல் முன்னதாகவே கழுவுங்கள்.

அறிகுறி 4: வடித்த நீரிலும் பச்சைச் சாயல், கலங்கல் 1 என்டியுவுக்கு மேல்

பெரும்பாலும் அறிகுறி 1ன் தொடர்ச்சிதான். ஆலம் சரியாகப் பிடிக்காத தனிச் செல்களும் நூல்பாசியும் மணலை ஊடுருவுகின்றன. ஒவ்வொரு பில்டரின் வெளிவாயிலிலும் தனித்தனியாகக் கலங்கல் எடுங்கள். எல்லாம் கூடியிருந்தால் ஆலம், பிஹெச் பக்கம் திரும்புங்கள். ஒன்று மட்டும் என்றால் அந்தப் படுகையில் விரிசலோ மண் உருண்டையோ இருக்கிறது.

அறிகுறி 5: குழாய் நீரில் மண்வாசனை

முதல் மழையில் நாம் ரசிக்கும் அதே மண்வாசனை. அதே ஜியோஸ்மின் என்ற வாசனைப் பொருள்தான். குடத்துத் தண்ணீரில் வந்தால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஒரு லிட்டரில் 5 முதல் 10 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். உடலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் புகார் நிற்காது.

எங்கே பிறக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கச்சா, தெளிந்த, வடித்த, குளோரின் கலந்த நீர் என நான்கு கூம்புக் குடுவையில் பாதியளவு எடுத்து, மூடி, 60 டிகிரிக்குச் சூடாக்கி, குலுக்கித் திறந்து முகருங்கள். இரண்டு பேர் முகர வேண்டும். காபி குடித்த கையோடு வேண்டாம். கச்சா நீரில் லேசாக இருந்து முன்குளோரினுக்குப் பின் தூக்கலாக இருந்தால், செல்லை உடைத்து வாசனையை வெளியேற்றியது உங்கள் குளோரின்தான். அதை நிறுத்தி, குளோரினைப் பில்டருக்குப் பின்னால் தள்ளுங்கள். தெளிந்த நீரைவிட வடித்த நீரில் கூடுதல் என்றால் பில்டரில் பிடிபட்ட பாசி அங்கேயே அழுகுகிறது. ஓட்ட நேரம் மீதியிருந்தாலும் நாளுக்கு ஒருமுறை கழுவிவிடுங்கள்.

கச்சா நீரிலேயே கரைந்து வந்தால் ஆக்டிவேட்டட் கார்பன் தூள் ஒன்றே வழக்கமான நிலையத்தில் சாத்தியம். குளோரின் எவ்வளவு விட்டாலும் ஜியோஸ்மின் அசையாது. லிட்டருக்கு 10 முதல் 30 மி.கி.; 20 மி.கி. என்றால் நாளுக்கு 200 கிலோ, 25 கிலோ மூட்டையில் எட்டு. தேங்காய்ச் சிரட்டைக் கரியின் நுண்துளைகள் ஜியோஸ்மினுக்குப் பொருந்தும். எங்கே போடுகிறீர்கள் என்பதே பாதி வேலை. ஆலத்தோடு சேர்த்துப் போட்டால் கரி திரளுக்குள் புதைந்துவிடும். ஏரிக்கரைப் பம்ப் ஹவுஸிலேயே கலந்துவிட்டால் நிலையம் வந்து சேரும்வரை பைப்லைனிலேயே அரை மணி கிடைக்கும். அதே இடத்தில் குளோரினும் விட்டால் கரியும் குளோரினும் ஒன்றையொன்று தின்றுவிட்டு இரண்டும் வீண்.

கரி மூட்டைகளைப் பர்மாங்கனேட், பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் அடுக்காதீர்கள், தீப்பிடிக்கும். ஈரக் கரி மூடிய தொட்டியிலுள்ள ஆக்சிஜனை இழுத்துவிடும். கரைசல் தொட்டிக்குள் தனியாக யாரும் இறங்கக் கூடாது.

அறிகுறி 6: குளோரின் எவ்வளவு விட்டும் மீதம் நிற்பதில்லை

பாசியின் கரிமப்பொருள் குளோரினைத் தின்கிறது. பாசி செத்து அழுகும் காலத்தில் அம்மோனியாவும் சேர்ந்துகொள்ளும். கூடவே பிஹெச். கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம் பிஹெச் 7ல் முக்கால் பங்கு இருக்கும், 8ல் கால் பங்கு, 9ல் நூற்றுக்கு நான்கைக்கூடத் தொடாது. கடைக்கோடிக் குழாயில் 0.2 மி.கி. மீதம் காட்டினாலும் 9 பிஹெச்சில் அதன் வீரியம் பெயரளவுதான். ஆகவே வடித்த நீரின் பிஹெச்சை 7.5 பக்கம் வையுங்கள்.

குளோரினை மேலும் ஏற்றுவது டிரைஹாலோமீத்தேன்கள் என்ற கெடுதலான துணைப்பொருட்களை வளர்க்கும் (குளோரோஃபார்முக்கு மட்டும் ஐஎஸ் 10500 வரம்பு லிட்டருக்கு 0.2 மி.கி.). நுழைவில் போட்டதைப் பில்டருக்குப் பின் மாற்றினாலே தேவை கணிசமாக இறங்கும். நுழைவில் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் பர்மாங்கனேட் 0.5 முதல் 1 மி.கி., நாளுக்கு 5 முதல் 10 கிலோ. இளஞ்சிவப்பு பில்டருக்கு முன் மறைந்துவிட வேண்டும். பில்டர் மேல் ரோஸ் நிறம் தெரிந்தால் உடனே குறையுங்கள், இல்லையென்றால் ஊரெல்லாம் ரோஸ் தண்ணீர்.

அறிகுறி 7: மதகருகே பச்சைப் பெயின்ட் ஊற்றியது போல் படலம்

மைக்ரோஸ்கோப்பில் மைக்ரோசிஸ்டிஸ் உறுதியானால் இது நிறத்தின் பிரச்சினை அல்ல. பிரேசிலின் கருவாரு நகரில் 1996ல், பாசி நஞ்சு கலந்த நீர் டயாலிசிஸுக்குப் போய் 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏறக்குறைய மூன்று நாள் குழாய் நீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. இந்தப் பாசியின் நஞ்சான மைக்ரோசிஸ்டின் எல்ஆருக்கு உலக சுகாதார நிறுவனம் வாழ்நாள் குடிநீருக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்.

அன்றே செய்ய வேண்டியவை: மேற்பரப்புக் கதவை மூடி, 2 மீட்டருக்குக் கீழிருந்து எடுங்கள். மதகைச் சுற்றி மிதவைத் தடுப்புக் கட்டுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தக் கரையில்தான் படலம் ஒதுங்கும். முன்குளோரின், பர்மாங்கனேட் இரண்டையும் நிறுத்துங்கள். கசடைச் சில மணிக்கொருமுறை வெளியேற்றுங்கள், பிடிபட்ட செல் கசடில் கிடந்து உடையத் தொடங்கும். பேக்வாஷ் நீரைத் திரும்ப நுழைவுக்கு விடும் நிலையங்கள் அதை முதல் வேலையாக நிறுத்த வேண்டும். வெளியேற்றிய நஞ்சை நாமே திரும்ப வாங்கிக்கொள்வது அது. வடித்த பின் பிஹெச்சை 8க்குக் கீழ் வைத்து, 30 நிமிடம் கழித்தும் 0.5 மி.கி. குளோரின் மீதம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் கரைந்து தப்பிய மைக்ரோசிஸ்டின் பெரும்பாலும் சிதைந்துவிடும். நீரை நஞ்சுச் சோதனைக்கு அனுப்புங்கள். ஊரில் டயாலிசிஸ் நடக்கும் மருத்துவமனை இருந்தால் முடிவு வரும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள். கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி அறிவிக்காதீர்கள். கொதித்தால் இந்த நஞ்சு அழியாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

இந்த நேரத்தில் யாராவது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தூவலாம் என்பார்கள். வேண்டாம். ஒரே நாளில் அத்தனை செல்லும் வெடித்து நஞ்சு முழுக்க நீரில் இறங்கும், அழுகும் பாசி ஆக்சிஜனை எடுத்து மீனும் செத்து மிதக்கும். மயில்துத்தம், எண்ணிக்கை ஏறத் தொடங்கும் வாரத்தில் போட வேண்டிய மருந்து. காரத்தன்மை 50 மி.கி.க்கு மேலுள்ள ஏரியில் மேல் 60 செ.மீ. ஆழத்துக்கு லிட்டருக்கு 1 மி.கி., அதாவது ஹெக்டேருக்கு 6 கிலோ படிகம். சாக்கில் கட்டிப் படகின் பின்னால் இழுத்து, ஒரு நாளில் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். ஏரிக்குப் பொறுப்பான துறையின் எழுத்து அனுமதி முதலில், மீன்குத்தகைக்காரருக்குத் தகவல் அடுத்து, படகு அதற்குப் பிறகு.

அறிகுறி 8: லாண்டரிலும் தொட்டிச் சுவரிலும் நூல்பாசி தொங்குகிறது

இது ஏரிப் பாசி அல்ல, நிலையத்திலேயே வளர்வது. கொத்தாகக் கழன்று பில்டரில் விழும். தொட்டியை ஓட்டத்திலிருந்து எடுத்து, 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 1 கிலோவை 30 லிட்டரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் பிரஷ்ஷில் பூசி அரை மணி விட்டுத் தேயுங்கள். பச்சை விட்டதும் நிழல்வலை கட்டினால் மறுபடி வர மாதங்கள் ஆகும். ஆரம்பிக்கும் முன் பில்டருக்குப் போகும் வால்வு மூடியிருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். தேய்த்த பாசியும் குளோரினும் கலந்த அந்தத் தண்ணீர் கழிவு வாய்க்காலுக்குத்தான் போக வேண்டும்.